மனதைத் திடமாக வைத்துக்கொள் என்கிறார்களே, எப்படி?

ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டு வீடுகளில் 'கவுன்சலிங்' என்ற சொல் காதில் விழாத நாளே இருக்காது. கட் ஆஃப் எவ்வளவு, எத்தனையாவது சுற்று, எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். அதே வீட்டில், மனதில் இருப்பதைப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் பேசித் தெளிவது என்ற பொருளில் அந்தச் சொல்லை யாராவது எடுத்தால் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. 'பக்கத்து வீட்டுப் பையனைக் கவுன்சலிங் அழைத்துப் போகிறார்களாம்' என்பதைத் துக்கச் செய்தியைப் போலச் சொல்கிறோம். இலங்கைத் தமிழர்கள் இதை 'உளவளத்துணை' என்கிறார்கள். அங்கே பிரதேச செயலகங்களில் அந்தப் பெயரிலேயே பதவிகள் உண்டு. உளத்தின் வளத்துக்குத் துணை. நோய் என்ற வாடையே இல்லாத சொல். தமிழ்நாட்டுப் பேச்சிலும் அது புழங்க வேண்டும் என்பது என் ஆசை.

விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தால் இன்னொரு வாக்கியம் திரும்பத் திரும்பக் கேட்கும்: "மனதைத் திடமாக வைத்துக்கொள்." பி.டி. ஆசிரியர் சொல்வார், தண்ணீர் பாட்டிலோடு நிற்கும் அப்பா சொல்வார், போன வருடம் தோற்ற அக்காவும் சொல்வாள். எத்தனை சுற்று ஓட வேண்டும், எந்த நாளில் ஓய்வு, காலையில் எத்தனை முட்டை என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. மனதுக்கு மட்டும் ஒரு வாக்கியத்தோடு முடித்துவிடுகிறோம். 'எப்படித் திடமாக வைத்துக்கொள்வது?' என்று அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்டால் அங்கிருக்கும் யாரிடமும் பதில் இருக்காது. உளவியல் ஆலோசனை அந்த 'எப்படி'க்கான பதில். மைதானத்தில் உதவும் அதே பதில்தான் அலுவலகத்துக்கும், தேர்வு அறைக்கும், தூக்கம் வராத இரவுக்கும் உதவுகிறது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆலோசனை அறையில் என்ன நடக்கும் என்பது பலருக்குத் தெரியாததால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். பத்தாம் வகுப்பு, 400 மீட்டர் ஓட்டம். பயிற்சியில் 62 விநாடியில் ஓடுகிறவள் மாவட்டப் போட்டியில் 66 விநாடிக்குப் போய்விடுகிறாள். ஒரு முறை என்றால் சரி, மூன்று போட்டிகளிலும் அப்படியே. உடம்பில் குறை எதுவும் இல்லை. ஆலோசகர் அவளுக்குத் தைரியம் சொல்வதில்லை. ஒரு தாளில் நான்கு கட்டம் போடுகிறார்: என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, உடம்பில் என்ன தெரிந்தது, அடுத்து என்ன செய்தாய்.

முதல் கட்டத்தில் அவள் எழுதுகிறாள்: 'அடுத்த லேனில் நின்ற பெண் புது ஸ்பைக்ஸ் ஷூ போட்டிருந்தாள்.' இரண்டாவதில் எழுத நேரமாகிறது. அடித்துத் திருத்தி, 'இந்த முறையும் தோற்றால் அப்பா பள்ளி முடிந்ததும் மைதானத்துக்கு அனுப்ப மாட்டார்' என்கிறாள். மூன்றாவதில், 'தொடை கனத்தது, வாய் வறண்டது.' நான்காவதில், 'முதல் நூறு மீட்டரிலேயே முழு வேகத்தில் ஓடிவிட்டேன்.'

அந்த நான்கு விநாடி எங்கே போனது என்பது இப்போது தாளில் தெரிகிறது. கால் அப்படியேதான் இருக்கிறது. இரண்டாவது கட்டத்தில் இருக்கும் ஒரு பயம் அவளை முதல் நூறு மீட்டரில் துரத்தியிருக்கிறது, கடைசி நூறில் மூச்சு இல்லை. இனி செய்ய வேண்டியவை இரண்டு. அந்த எண்ணம் எவ்வளவு உண்மை என்று சோதிக்க வேண்டும். அப்பா அப்படிச் சொன்னாரா, இவளாக நினைத்துக்கொண்டாளா? சொல்லியிருந்தால், அப்பாவையும் ஒரு நாள் அழைத்துப் பேச வேண்டும். அடுத்து, பயம் வந்தாலும் முதல் நூறை எப்படி ஓடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்து பழக வேண்டும். எண்ணம், உணர்ச்சி, உடல், செயல் நான்கும் ஒன்றையொன்று இழுக்கும் கயிறுகள் என்பதும், அவற்றில் எண்ணத்தையும் செயலையும் நாம் பிடித்து மாற்ற முடியும் என்பதும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் அடிப்படை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் மனச்சோர்வுக்காக உருவாக்கிய முறை அதன் முக்கிய வேர்களில் ஒன்று. இன்று பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் உலகம் முழுவதும் இதைப் பயன்படுத்துகிறார்கள். மருத்துவமனையில் இருப்பது போலவே ஓடுகளத்திலும் தாளில் நான்கு கட்டங்கள்தான்.

தோழியிடமோ பாட்டியிடமோ சொல்லி அழுதால் ஆறுதல் கிடைக்காதா? கிடைக்கும், அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் நம்மை நேசிப்பவர்களுக்கு நம் முடிவுகளில் பங்கு இருக்கிறது. ஓட்டத்தை விட்டுவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டால், நம் கேள்வியோடு தன் கவலையையும் சேர்த்துத்தான் அவரால் பதில் சொல்ல முடியும். ஆலோசகர் வெளியாள். அறிவுரையை அள்ளித் தராமல், நாம் சொல்வதை நமக்கே திருப்பிக் காட்டுவது அவர் பயின்ற தொழில். தீர்ப்புச் சொல்லாமல் கேட்பதே பாதி சிகிச்சை என்பதைக் கார்ல் ரோஜர்ஸ் போன்ற உளவியலாளர்கள் கடந்த நூற்றாண்டின் நடுவில் வலியுறுத்தினார்கள். நம் ஊரில் கேட்பதற்கு முன்பே அறிவுரை வந்துவிடுகிறது என்பதால் இது நமக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இனி உடம்பின் பக்கம். ஆபத்து என்று மூளை உணர்ந்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. புலியிடமிருந்து தப்பிக்க உதவிய ஏற்பாடு இது. மேலாளர் அனுப்பிய 'உடனே வந்து பாருங்கள்' என்ற குறுஞ்செய்திக்கும், பெனால்டி அடிக்க நடந்துபோகும் அந்த நீண்ட பத்தடிக்கும் உடம்பு அதே மணியைத்தான் அடிக்கிறது. ஓரளவு படபடப்பு நல்லது, அது இல்லாவிட்டால் உடம்பு தூங்கி வழியும். அளவு மீறினால் ஆட்டம் குலைகிறது. அந்த அளவு ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மாறும். பளு தூக்குகிறவருக்கு உதவும் உக்கிரம் அம்பு விடுகிறவரைக் கெடுத்துவிடும். நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1898இல் குழந்தைகளை மீன்பிடி ராட்டைச் சுற்றவைத்துப் பார்த்தார். பக்கத்தில் போட்டிக்கு ஆள் இருந்தபோது சில குழந்தைகள் வேகமாகச் சுற்றின, வேறு சில பரபரப்பில் தடுமாறி முன்பைவிட மெதுவாகின. விளையாட்டு உளவியலின் முதல் பரிசோதனை என்று பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். தடுமாறிய அந்தக் குழந்தைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், சிலர் அவர்களாகவே இருந்திருக்கிறோம்.

மூச்சைப் பற்றி எல்லோரும் பேசுவதால் அதன் காரணத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். இதயத்துடிப்பை 'குறை' என்று நேரடியாகக் கட்டளையிட நம்மால் முடியாது, மூச்சுக்குக் கட்டளையிட முடியும். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கினால், மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாகத் துடிப்பு சற்றே தணிகிறது. பூட்டிய வீட்டுக்குள் போகக் கொல்லைக் கதவு திறந்திருப்பது போல. ஆனால் போட்டி நாளில் முதன்முதலாக முயன்றால் இது உதவாது. தினமும் ஐந்து நிமிடம் பழகியவருக்கே அவசரத்தில் கைகொடுக்கும்.

பதற்றத்தில் நன்றாகத் தெரிந்த வித்தைகூட ஏன் மறந்துபோகிறது? என் அக்கா இருபத்தொரு புள்ளிச் சிக்குக் கோலத்தை அரைத்தூக்கத்தில் போடுவாள். பால்காரரோடு பேசிக்கொண்டே போடுவாள். ஒரு மார்கழியில் தெருவில் கோலப்போட்டி வைத்தார்கள். நடுவர்கள் பின்னால் வந்து நின்றார்கள், யாரோ கைபேசியில் படம் எடுத்தார்கள். பாதிக் கோலத்தில் அவள் கை நின்றுவிட்டது. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. "விரல் போகிற வழியைக் கவனித்தேன், வழி மறந்துவிட்டது" என்றாள். இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஆண்டுக்கணக்கில் பழகிய வித்தை நம் கவனத்தின் உதவியின்றித் தானே ஓடும். பயம் வந்தவுடன் அதை மேற்பார்வை பார்க்கத் தொடங்குகிறோம். முழங்கை சரியாக இருக்கிறதா, கால் சரியாக விழுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கவனிக்கும்போது அந்த இயல்பான ஓட்டம் உடைகிறது. ஆகவேதான் உளவியலாளர்கள் வீரருக்கு ஒரு சிறு சடங்கை அமைத்துக் கொடுக்கிறார்கள். பந்தை மூன்று முறை தட்டு, ஒரு நீண்ட மூச்சு, இலக்கில் ஒரு புள்ளியைப் பார், அடி. மேற்பார்வை பார்க்கத் துடிக்கும் மனதுக்குக் கொடுக்கப்படும் சின்ன வேலை அது. மேடைப் பேச்சுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் இதே போன்ற ஒன்றை அமைத்துக்கொள்ளலாம்.

இந்திய விளையாட்டில் இந்த வேலையை மிகத் தீவிரமாகச் செய்தவர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ராதான். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். இதயத்துடிப்பின் அதிர்வே துப்பாக்கி முனையை அசைத்துவிடும் விளையாட்டு அது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நல்ல புள்ளிகளோடு இறுதிச் சுற்றுக்குப் போனவர் ஏழாவதாக முடித்தார். அவர் நின்ற இடத்தில் தரையின் ஓடு ஒன்று பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரியவந்தது. வேறு ஒருவராக இருந்தால் விதியை நொந்துகொண்டு விட்டிருப்பார். பிந்த்ரா, ஆடும் ஓட்டின் மேல் நின்று சுடவும் பயிற்சி செய்தார். டிம் ஹார்க்னஸ் என்ற தென்னாப்பிரிக்க உளவியலாளரோடு சேர்ந்து, தன் மூளை அலைகளையும் உடலின் பதற்றத்தையும் கருவியில் பார்த்துப் பார்த்து அடக்கப் பழகினார். பெய்ஜிங் போவதற்கு முன் ஜெர்மனியில் நாற்பது அடிக் கம்பத்தில் ஏறி, மிகச் சிறிய உச்சிப் பலகையில் நின்றார். பாதியில் பயம் அமுக்க, இறங்கிவிடலாமா என்று நினைத்தும் ஏறி முடித்ததைப் பின்னர் அவரே சொல்லியிருக்கிறார்.

2008 ஆகஸ்ட் 11. பெய்ஜிங்கில் கடைசிக் குண்டு மட்டும் மிச்சம் இருந்தபோது பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினெனும் சமப் புள்ளியில் இருந்தார்கள். ஹாக்கினென் 9.7 சுட்டார். பிந்த்ரா சுட்டது 10.8. அதிகபட்சமே 10.9தான். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கம் அப்படி வந்தது.

அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் கதையும் இதற்கு அண்டை வீடு. அதே பெய்ஜிங்கில், இரண்டு நாள் கழித்து, 200 மீட்டர் பட்டர்ஃப்ளை நீச்சலில் அவர் குதித்ததுமே நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. கடைசியில் சுவரே தெரியவில்லை. கை வீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்தி 1 நிமிடம் 52.03 விநாடியில் உலக சாதனையோடு முடித்தார். பயிற்சியாளர் பாப் பௌமன் பல ஆண்டுகளாக அவரை ஒவ்வொரு போட்டியையும் தூங்கும் முன்னும் எழுந்த பின்னும் மனத்திரையில் ஓட்டிப் பார்க்க வைத்திருந்தார், தவறு நடப்பது உட்பட. ஒரு முறை போட்டிக்கு முன் அவர் கண்ணாடியை வேண்டுமென்றே மிதித்தும் வைத்தார். 'எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நினை' என்பது நம் வீடுகளில் சொல்லும் ஆறுதல். கெட்டது நடந்தால் என்ன செய்வேன் என்று உட்கார்ந்து யோசித்து வைப்பது அபசகுனம் என்றுகூடச் சிலர் தடுப்பார்கள். ஆனால் மனம் அப்படி யோசித்து வைத்த பிறகுதான் அமைதியாகிறது. தேர்வில் முதல் கேள்விக்கே விடை தெரியாவிட்டால் என்ன செய்வது என்று முந்தைய நாளே முடிவு செய்துகொண்ட மாணவர், அது நடக்கும்போது உறைந்துபோவதில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் போட்டிக்கான கருவிகள். இங்கேயே நிறுத்திவிட்டால் அது பாதி உண்மைதான். பிந்த்ராவின் வாழ்க்கையில் பெரிய மன நெருக்கடி வந்தது ஏதென்ஸ் தோல்விக்குப் பிறகு அல்ல, பெய்ஜிங் தங்கத்துக்குப் பிறகு. இதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சிறு வயது முதல் ஒரே இலக்கு, அதை அடைந்தாயிற்று, மறுநாள் காலை எதற்காக எழுந்திருப்பது? ஃபெல்ப்ஸ் 28 ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றவர், அவற்றில் 23 தங்கம். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குப் பிறகு உயிரோடு இருக்கவே விருப்பமில்லாமல் அறைக்குள் கிடந்த நாட்கள் உண்டு என்றார். 2014இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்காகக் கைதான பின் சிகிச்சை மையத்தில் சேர்ந்தார். அங்கே முதன்முறையாக, நீச்சல்காரன் என்ற அடையாளத்துக்கு அப்பால் தான் யார் என்று பேச நேர்ந்தது. 2016 ரியோவில் ஐந்து தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். அந்தப் பதக்கங்களை நான் பெரிதாக எண்ணவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார், தன் நிலையை மறைக்காமல் பேசுகிறார், அதுவே எனக்குப் பெரிது.

விராட் கோலியின் 2014 இங்கிலாந்துப் பயணம் கிரிக்கெட் பார்க்கும் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஐந்து டெஸ்ட், பத்து இன்னிங்ஸ், மொத்தம் 134 ரன். அப்போது தொலைக்காட்சி முன் அமர்ந்து ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே போகும் பந்தைப் பற்றி நாம் எல்லோரும் பேசினோம். அந்த நாட்களில் தான் மனச்சோர்வில் இருந்ததாகவும், சுற்றிலும் ஆட்கள் இருந்தும் மிகத் தனியாக உணர்ந்ததாகவும், தொழில்முறையாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவர் இல்லாதது குறை என்றும் அவர் 2021இல் ஒரு பேட்டியில் சொன்னார். ஏழு ஆண்டுகள் கழித்து! இந்தியாவின் மிகவும் புகழ்பெற்ற விளையாட்டு வீரருக்கே அதைச் சொல்ல ஏழு ஆண்டு பிடித்தது என்றால், மாவட்ட அளவில் கபடி ஆடும் ஒரு பையன் யாரிடம் போய்ச் சொல்வான்?

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் சொன்னார், அதுவும் உலகமே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில். 2021 ஜூலையில் டோக்கியோவில் அணி இறுதிச் சுற்றின் முதல் தாவலில், இரண்டரை முறை சுழல வேண்டியவர் ஒன்றரைச் சுழலோடு இறங்கினார். காற்றில் இருக்கும்போது தன் உடல் எந்தத் திசையில் இருக்கிறது என்ற உணர்வே அற்றுப்போயிருந்தது. ஜிம்னாஸ்டிக்ஸில் அது கழுத்தை முறிக்கும் ஆபத்து. விலகினார். 'கோழை' என்று எழுதியவர்கள் இருந்தார்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆலோசனை எடுத்துக்கொண்டு 2024 பாரிஸுக்கு வந்தார். அணி இறுதிச் சுற்று நடந்த நாளின் காலையை ஆலோசகருடன் பேசித்தான் தொடங்கியதாகச் சொன்னார். மூன்று தங்கம், ஒரு வெள்ளி. விலகியது பலவீனமா என்று இனி யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பதக்கமே வராமல் போயிருந்தாலும் டோக்கியோவில் அவர் செய்தது சரியான முடிவுதான். வெற்றியைக் காட்டித்தான் நியாயம் பேச வேண்டும் என்ற பழக்கத்தை நாம் விட வேண்டும்.

நம் சென்னைப் பிள்ளைக்கு வருவோம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சதுரங்கப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 18. 14 ஆட்டங்கள் கொண்ட தொடர் அது. முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களோடு தோற்றார். மூன்றாவதை வென்று சமன் செய்தார். பதினோராவதை வென்று முன்னிலை பெற்றார், பன்னிரண்டாவதில் படுதோல்வி, மறுபடியும் சமநிலை. அவருடைய குழுவில் சதுரங்கம் தெரிந்தவர்களோடு, மனப்பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவின் பேடி அப்டனும் இருந்தார். 2011 உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடும், பாரிஸில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியோடும் வேலை செய்தவர். சதுரங்கப் பலகையின் முன் உட்கார்ந்து குகேஷ் கண்களை மூடிக்கொள்வதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கடைசி ஆட்டத்தின் 55ஆவது நகர்த்தலில், எதிரில் ஆடிய சீனாவின் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். அது தவறு என்று குகேஷுக்குப் புரிந்த கணத்தில் முகம் மாறியது. ஆனாலும் அவர் உடனே கை நீட்டவில்லை. தண்ணீர் குடித்தார், தன்னை அடக்கிக்கொண்டார், பிறகு நகர்த்தினார். டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துபோன பின் குகேஷ் தேம்பி அழுதபடியே எல்லாக் காய்களையும் திரும்பத் தொடக்கக் கட்டங்களில் அடுக்கினார். திடமான மனம் அழாது என்று யார் சொன்னது?

எதிரில் இருந்தவரையும் நாம் மறக்கக் கூடாது. 2023 ஏப்ரலில் உலகப் பட்டம் வென்ற பிறகு டிங் லிரென் மனச்சோர்வோடும் தூக்கமின்மையோடும் போராடினார், பல மாதங்கள் ஆட்டத்தை விட்டு விலகியிருந்தார், அதைப் பேட்டிகளில் மறைக்கவும் இல்லை. சிங்கப்பூருக்கு வந்தபோது எளிதாகத் தோற்றுவிடுவார் என்றே பலர் கணித்தார்கள். கடைசி நாள்வரை சமமாக நின்றார்.

அப்டன் மனப்பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் அல்ல. இந்த வேறுபாடு சாதாரண மனிதருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் அதற்கான தனிப் பயிற்சி பெற்று இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவர், பேச்சு வழிச் சிகிச்சை தருவார். ஆலோசகர் என்ற பெயரை நம் ஊரில் யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்கிறார்கள். ஆகவே என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்தீர்கள் என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். நல்ல ஆலோசகர் கோபப்பட மாட்டார். இரண்டே வாரம் என்று உத்தரவாதம் கொடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பல வாரங்களாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாவு பற்றிய எண்ணம் வருகிறது என்றால் மூச்சுப்பயிற்சியோடு நிற்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தும் பேச்சும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

அறையில் பேசியது வெளியே போகாது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு முழுவதும் பொய்யாகிவிடும். விளையாட்டில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் அணி நிர்வாகம். 'இவனுக்குப் பதற்றம் இருக்கிறது' என்ற செய்தி தேர்வாளர் காதுக்குப் போனால் அந்த வீரர் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார், மற்றவர்களும் திறக்க மாட்டார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. விதிவிலக்கும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது. குழந்தை மீதான பாலியல் வன்முறை தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். இந்த எல்லைகளை முதல் நாளே சொல்லிவிடுபவர்தான் நேர்மையான ஆலோசகர்.

எனக்கு நீண்ட நாளாக இருக்கும் ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். பேருந்துக் கட்டணத்துக்குக் காசு இல்லாமல், ஒரே ஜோடிக் காலணியோடு மண் தரையில் ஓடும் பெண்ணிடம் 'உன் எண்ணத்தை மாற்று' என்று சொல்வது ஆலோசனை ஆகாது. பயிற்சியாளர் அத்துமீறுகிறார் என்றால் மாற வேண்டியது அவள் மனம் அல்ல. 2023இல் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் தொல்லை புகாரோடு டெல்லி ஜந்தர் மந்தர் தெருவில் உட்கார்ந்திருந்ததை நாடே பார்த்தது. அவர்களுக்கு மனவலிமை போதவில்லை என்று யாரால் சொல்ல முடியும்? அநியாயத்தைத் தாங்கிக்கொள்ளப் பழக்கும் கருவியாக ஆலோசனை ஆகிவிடக் கூடாது. நல்ல ஆலோசகர் எது உன் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துக் காட்டுவார். கையில் இல்லாததற்கு யாரிடம் போக வேண்டும் என்றும் சொல்வார்.

விளையாடாதவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரவு பதினொரு மணிக்குப் படுத்து, இரண்டு மணிவரை கடன், மகள் படிப்பு, காலையில் அதிகாரி கேட்கப்போகும் கேள்வி என்று சுற்றிச் சுற்றி வரும் மனதுக்கு ஆலோசகர்கள் சொல்லித்தரும் ஒரு வழி இருக்கிறது. மாலையில் இருபது நிமிடத்தைக் கவலைக்கென்றே ஒதுக்குவது. அந்த நேரத்தில் நோட்டில் எல்லாக் கவலையையும் எழுத வேண்டும். தீர்க்கக்கூடியதன் பக்கத்தில் நாளை செய்யப்போகும் ஒரே ஒரு காரியத்தை எழுத வேண்டும். இரவில் அதே கவலை வந்தால் 'உனக்கு நாளை ஆறு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறேன்' என்று அனுப்பிவிட வேண்டும். முதல் சில நாட்கள் மனம் கேட்காது. விடாமல் செய்தால் மெல்லப் பழகிவிடும். மனச்சோர்வில் இருப்பவருக்கு வேறு வழி. உற்சாகம் வந்த பிறகு வெளியே போகலாம் என்று காத்திருக்காமல், மொட்டை மாடிவரை நடப்பது, ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று சின்னச் செயல்களை முதலில் நேரம் குறித்துச் செய்யவைப்பார்கள். உற்சாகம் செயலுக்குப் பின்னால் நடந்து வரும். காயத்தால் ஆறு மாதம் படுத்திருக்கும் கால்பந்து வீரருக்கும் இதையேதான் சொல்கிறார்கள்.

2015-16இல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது. சிக்கலின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சையே பெறவில்லை. காசு, தூரம், வெட்கம் மூன்றும் இதில் சேர்ந்திருக்கின்றன. தூரத்துக்கும் காசுக்கும் இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் அதே எண்ணில் இயங்குகிறது. நீட் தேர்வு முடிவு வரும் நாட்களில் 104 எண்ணிலும் மாணவர்களுக்கு ஆலோசனை தருகிறார்கள்.

வெட்கத்துக்கு எண் கிடையாது. அதை மைதானத்தில் பயிற்சியாளரும் வீட்டில் பெற்றோரும்தான் போக்க வேண்டும். அடுத்த ஜோனல் போட்டிக்குப் பிள்ளையை அழைத்துப் போகும்போது 'திடமாக இரு' என்று சொல்வதற்கு முன், போகும் வழியில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்றைக்கு எதை நினைத்தால் உனக்குப் பயமாக இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள். 'டைமிங்' என்பான் முதலில். இரண்டு நிறுத்தம் தாண்டி இன்னொன்றைச் சொல்வான்.